பி பக்கத்தை முதலில் போட்டவன்

டேப் ரிக்கார்டருக்குள் பிஸ்கட் இருந்தது. துண்டு துணுக்கு இல்லை; கேசட் போடும் கதவைத் திறந்து கவிழ்த்துத் தட்டினால் ஒரு கிளாஸ் டீக்குத் தொட்டுக்கொள்ளும் அளவுக்கு விழுந்தது. லப்பைக்குடிக்காடு கடைவீதியில் ரேடியோ, டேப் ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு டேப்புக்குள் எதைப் பார்த்தாலும் ஆச்சரியம் வருவதில்லை. கரப்பான் பார்த்திருக்கிறேன், பல்லி முட்டை பார்த்திருக்கிறேன். ஒரு செட்டில் எலி ஒன்று குடும்பத்தோடு குடியிருந்தது. நாதஸ்வரக் கேசட் போட்டால் மட்டும் குட்டிகளைத் தூங்க வைத்துவிட்டு வெளியே வந்து உட்காரும். பிஸ்கட்டை மட்டும் 1997 ஆடியில்தான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"இதுக்கு யாரு புள்ள டீ பிஸ்கட் குடுத்தது?" என்று கேட்டேன்.

செட்டைக் கொண்டுவந்த நஜீமா சிரிக்கவில்லை. "ஆஃப்ராதான் மாமா. அவ அத்தாவுக்கு ஊட்டுறாளாம்."

நஜீமாவின் புருஷன் கவுஸ் சவூதிக்குப் போனபோது மகள் ஆஃப்ரா தொட்டிலில் கிடந்தாள். இப்போது தெருவையே அதட்டுகிறாள். இடையில் அவன் ஊருக்கு வரவில்லை. போனில் பேசலாம் என்றால் கடைவீதி பூத்தில் பின்னால் நிற்கிற பத்துப் பேரும் சேர்ந்து பேசுவார்கள். அதனால் எங்கள் ஊரில் எல்லோரும் செய்வதுபோல் இவர்களும் கேசட்டில் பேசி, போகிற வருகிற ஆளிடம் கொடுத்தனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

கவுஸ் கேசட்டில் பேசுவதில் ஒரு வழக்கம் உண்டு. எதிரில் ஆள் இருப்பதுபோலக் கேள்வி கேட்பான், பதிலுக்கு இடம் விடுவான். "ஆஃப்ரா, சாப்பிட்டியாம்மா?" என்பான். கொஞ்சம் மௌனம். "ம்... அப்புறம்?" இன்னும் கொஞ்சம் மௌனம். "அத்தாவுக்கு ஒரு வாய் குடு." அந்த மௌனத்தில் பிள்ளை பதில் சொல்லும். சொல்லி முடித்ததும் பெட்டி "ம்... அப்புறம்?" என்னும். ஆக அவளைப் பொறுத்தவரை அத்தா, அதாவது அப்பா, என்றால் கறுப்பு நிறம், தலையில் கைப்பிடி, இரண்டு பக்கமும் ஸ்பீக்கர்.

"போட்டோவைக் காட்டுனா, 'இது யாரு மாமாவா?'ங்கிறா," என்றாள் நஜீமா. "பெருநாள் முடிஞ்சதும் அங்க புது காண்ட்ராக்ட்டுக்குக் கையெழுத்துப் போடணுமாம். போட்டுட்டாருன்னா இன்னும் மூணு வருசம். அதுக்குள்ள இவ இந்தப் பெட்டிக்குக் கல்யாணம் பேசி முடிச்சுருவா போல."

"வரச் சொல்லிப் பேசி அனுப்ப வேண்டியதுதான?"

"எங்க பேசுறது? பேசும்போது மாமி பக்கத்துலயே உக்காந்திருக்கு. அங்க போனா ரூம்ல ஒரே டேப்பு. வெள்ளிக்கிழமை ஜும்மா முடிஞ்சு சோத்தத் தின்னுட்டு அத்தனை பேரும் சேர்ந்து கேக்குறாங்க. எம் புருசன்கிட்ட பேசுறதுக்கு ஒரு பஞ்சாயத்தே உக்காந்திருக்கு."

மாமி என்பது கவுஸின் தாயார் ஜெய்த்தூன். அவருக்கு மகன்மீது பாசம் இல்லாமல் இல்லை. ஆனால் வீட்டு மொட்டை மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டு நின்றன. மாடி ஏறும் வரை மகன் சவூதியில்தான் இருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

நஜீமா முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "மாமா, நீங்கதான் கதை விடுவீங்களே. அந்த மனுசன் தொடர்கதைன்னா பைத்தியம். கல்யாணம் ஆன புதுசுல என்னைய விருந்து வூட்டுல உக்கார வச்சுட்டு, பஸ் ஸ்டாண்டுல வாரப் பத்திரிகைக்குக் காத்துக் கெடந்தவரு. நீங்க ஒரு கதை சொல்லுங்க. அடுத்து என்னன்னு தெரியாம அங்க இருப்புக் கொள்ளக் கூடாது. கெளம்பி வந்துரணும்."

இந்த வட்டாரத்தில் அய்யம்பெருமாளாகிய நான் ஒன்று சொன்னால் அதில் பாதியைத் தள்ளிவிட்டு எடுத்துக்கொள்வார்கள். முதல் தடவையாக ஒருத்தி முழுசாகக் கேட்கிறாள். சரி என்றேன்.

முதல் கேசட்டை அவர்கள் வீட்டுக் கூடத்தில் பதிந்தோம். நஜீமா சிவப்புப் பட்டனை அமுக்கி ஆரம்பித்துவைத்தாள். ஜெய்த்தூன் ஓதி உருட்டும் தஸ்பீ மணியோடு நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"நல்லாப் பேசுங்கண்ணே. ஆனா புள்ளைய வரச் சொல்லி மட்டும் பேசிப்புடாதீங்க. மாடி கெடக்கு."

"வெறும் கதைதான் தங்கச்சி."

அரியலூர் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்க்கும் அரியமுத்து என்று ஒருவனை உண்டாக்கினேன். அவனுடைய கைக்கடிகாரத்தை எருமை விழுங்கியது. மறுநாள் விடியற்காலையில் எருமையின் வயிற்றில் அலாரம் அடித்துத் தெருவே எழுந்தது. சுரங்கத்தில் விழுந்தான், விழுந்த வேகத்தில் தண்ணீர் கண்டது. ஒரு வெயில் காலத்தில் சட்டையைக் கொடியில் காயப்போட்டான். நிழல் மட்டும் காய்ந்து உதிர்ந்துவிட்டது. ஏ பக்கம் நிறைந்து, பி பக்கமும் நிறைந்தது. ஜெய்த்தூன் இரண்டு இடத்தில் சிரித்தார். எனக்கு அன்று இரவு சாப்பாடு கூடுதலாக இறங்கியது.

பதில் கேசட் வந்தது. கடைக்கு வந்து என் முன்னாலேயே போட்டாள் நஜீமா.

கவுஸின் குரல்: "மாமா கதை நல்லா இருந்துச்சு. காமிலு பி பக்கத்த மொதல்ல போட்டுட்டான். கேட்டு முடிச்சுட்டு ஏ பக்கத்தப் போட்டோம். ஒருத்தனுக்கும் வித்தியாசம் தெரியல. கேசட்ட வெளிய எடுக்கும்போதுதான் பாத்தோம். நடுவுல காமிலு ஓட்டி ஓட்டி வேற வுட்டான், அப்படியும் ஒண்ணும் வுட்டுப் போகல. ம்... அப்புறம்? மாடிக்கு மணலு அடிச்சாச்சா?"

காமில் என்பவன் அந்த ரூமில் டேப்புக்குப் பக்கத்துக் கட்டிலில் படுப்பவன். அந்த உரிமையில் அவன் கட்டைவிரல் எப்போதும் ஃபார்வேர்டு பட்டனிலேயே இருக்குமாம். சலிப்பு தட்டினால் அழுத்திவிடுவான்.

நஜீமா பட்டனை அமுக்கி நிறுத்தினாள். "நல்லாருக்கு மாமா. உங்க கதைய எந்தப் பக்கம் வேணாலும் திருப்பிப் போடலாமாம். தோசையாட்டம்."

எனக்குக் காமில்மீது கோபம் வந்தது. வீட்டுக்குப் போய் ரெங்கம்மாளிடம் சொன்னேன். என் பெண்சாதி வெங்காயம் ஆய்ந்துகொண்டிருந்தாள், தலையைத் தூக்கவில்லை. "அந்தப் பய சொன்னதுல என்ன தப்பு? உங்க கதை இந்த வெங்காயக் கூடையாட்டம்தான். எதை மொதல்ல எடுத்தாலும் ஒண்ணுதான். பாதியைக் கீழ கொட்டுனாலும் கொழம்புக்குக் கொறையில்ல."

மறுநாள் கடையில் ஒரு கல்யாண வீட்டுச் சீரியல் செட் ரிப்பேருக்கு வந்தது. ஒரே வயரில் வரிசையாகக் கோத்த சின்ன பல்புகள். ஒரு பல்பைக் கழற்றினால் அத்தனையும் அணைந்துவிடும். கரண்ட் இதன் வழியாகப் போய்த்தான் அதற்குப் போக முடியும். என் கதையோ ஒவ்வொரு பல்புக்கும் தனித்தனி சுவிட்சு. எருமையைக் கழற்றினாலும் சட்டை எரியும். அன்று சாயங்காலமே பழைய கதையை மறந்துவிட்டு அரியமுத்துவை மறுபடி சுரங்கத்துக்கு அனுப்பினேன். இந்தத் தடவை ஒரு நிபந்தனை: போகிற இடத்தில் அவன் ஏதாவது செய்ய வேண்டும், செய்ததால் ஒன்று கெட வேண்டும், கெட்டதைச் சரிசெய்யப் போனால்தான் அடுத்த இடம். சும்மா அடுத்த நாள் விடியக் கூடாது.

அரியமுத்து சுரங்கத்தில் பூசணிக்காய் அளவுக்கு ஒரு கல் முட்டையைக் கண்டெடுக்கிறான். அரியலூரில் அது பெரிய விஷயம் இல்லை. அங்கே மண்ணைக் கிளறினால் கடல் சங்கு கிடைக்கும். ஆனால் இந்த முட்டை லேசாகச் சுடுகிறது. யாருக்கும் தெரியாமல் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிப் போகிறான். இந்த இடத்தில் நான் சுரங்கத்துக்கு மேலே நிலாவைக் கொண்டுவந்து நிறுத்திக் கொஞ்சம் நீட்டினேன். நஜீமா டேப்பை நிறுத்திவிட்டாள்.

"மாமா, இந்த நெலா என்ன பண்ணுது?"

"வெளிச்சம் குடுக்குது."

"அந்த வெளிச்சத்துல யாராச்சும் எதையாச்சும் பாக்குறாங்களா?"

"இல்ல. சும்மா அழகுக்கு."

"அப்ப காமிலு ஓட்டி வுட்டுருவான்."

நான் யோசித்துவிட்டு நிலாவை அப்படியே வைத்துக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் மேஸ்திரி அவனைப் பார்த்துவிடுகிறார் என்று மாற்றினேன். நிலாவுக்கும் ஒரு வேலை கிடைத்தது. மேஸ்திரி பார்த்துவிட்டதால் காலையில் வீட்டுக்குச் சோதனை போட வருவார். வருவதால் முட்டையை ஒளித்தாக வேண்டும். அடைகாக்கிற கோழியின் கூடையில் கோழிக்கு அடியில் வைத்தான். ஏ பக்கம் முடிந்தது. பி பக்கத்தில் மேஸ்திரி வந்து தேடிவிட்டுப் போய்விட்டார். ஆனால் கோழி இனி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. கிட்டே போகிற ஆளையெல்லாம் கொத்துகிறது. அரியமுத்துவின் பெண்சாதி வீரம்மாளுக்குக் கையில் ரத்தம். முட்டை விஷயம் அவளுக்குத் தெரியாது. அரியமுத்து வேலைக்குப் போன நேரத்தில் கோழியைக் கூடையோடு வியாபாரியிடம் தள்ளிவிட்டாள்.

"எருமை வருமா மாமா?" என்று நஜீமா கேட்டாள்.

"நடுவுல ஒரு எடத்துல வச்சிருக்கேன்."

"எருமைய எடுத்துட்டா கூடை விக்காமப் போயிருமா?"

"போகாது."

"அப்ப எடுத்துருங்க."

எடுத்தேன். வயிற்றில் அலாரம் அடித்த எருமை அது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை.

கேசட்டை அனுப்புவதற்கு முன் ஒரு சோதனை வைத்தேன். பதிந்த அன்றைக்கு ஜெய்த்தூன் கல்யாணத்துக்கு வாலிகண்டபுரம் பக்கம் போயிருந்தார். திரும்பி வந்தவரிடம், கேசட்டைக் கேட்டுப் பாருங்கள் என்று பி பக்கத்தை முதலில் போட்டேன். கொஞ்ச நேரம் மணி உருண்டது. பிறகு நின்றது.

"ஏங்கண்ணே, கோழிக்கு என்ன கேடு, இந்தக் கொத்து கொத்துது? மேஸ்திரி எதைத் தேடுறாரு?"

"ஏன் தங்கச்சி, புரியலையா?"

"எங்க புரியுது? முன்னாடி என்னமோ நடந்திருக்கு. திருப்பிப் போடுங்க!"

நஜீமா சமையல்கட்டுக்குள் போய்ச் சிரித்தாள். நான் திருப்பிப் போட்டேன்.

சவூதியிலிருந்து வந்த பதிலில் கவுஸ் மாடிக்கு மணல் அடித்தாகிவிட்டதா என்று கேட்கவில்லை. "வியாபாரி கூடைய எங்க கொண்டு போனான்? ம்... அப்புறம்?" என்றுதான் கேட்டான். பின்னாலிருந்து ஒருவன், "மாமா, நான் காமிலு. பட்டன்ல கை வைக்கலை. அல்லா மேல சத்தியமா," என்றான்.

அடுத்த கேசட்டில் வியாபாரி கூடையை அரியலூர் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் மெட்ராஸ் போகிற வண்டியில் ஏற்றிவிட்டான். அரியமுத்து ஓடிவந்து டிக்கெட் இல்லாமல் தொற்றிக்கொண்டான். டிக்கெட் இல்லாததால் ரயில் கார்டு பிடித்துக்கொண்டார். கூடை என்னுடையது என்றான். அப்படியானால் உள்ளே என்ன என்று சொல் என்றார். சொன்னால் சுரங்கத்தில் திருடியவன் ஆகிவிடுவான். சொல்லாவிட்டால் கூடை போய்விடும். வாயை மூடிக்கொண்டு நின்றான். கார்டு கோழியைத் தூக்கினார். முட்டையில் காதை வைத்தார். உள்ளே டொக், டொக், டொக்.

அத்தோடு நாடா தீர்ந்தது. தீரும்படி நான்தான் பேசினேன்.

அந்தக் கேசட்டால் ரூமில் இரண்டு பேர் டியூட்டி வண்டியை விட்டுவிட்டார்கள் என்று பதில் வந்தது. உள்ளே இருப்பது பாம்பு என்று ஒரு கட்சி, ராட்சசப் பல்லி என்று ஒரு கட்சி. சோறு தனித்தனியாக ஆக்கினார்களாம். அடுத்த கேசட்டை உடனே அனுப்பச் சொன்னான் கவுஸ். ஊருக்கு வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. நோன்பு பிறந்துவிட்டது. பெருநாள் கிட்டே வந்துகொண்டிருந்தது.

நஜீமாவுக்கு முகம் விழுந்துவிட்டது. "கதை நல்லாப் போவுது மாமா. அவருதான் அங்கயே உக்காந்து கேக்குறாரு."

அரியமுத்துவுக்கு வைத்த நிபந்தனையை எனக்கு வைத்துக்கொள்ளவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. கேசட்டுக்கு மேல் கேசட்டாக அனுப்பிக்கொண்டிருந்தால் அவன் எதற்கு எழுந்திருக்க வேண்டும்? ஒரு கதவைச் சாத்தினால்தான் ஆள் நகரும். மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஜெய்த்தூன் டேப்பைத் துடைத்து, புதுக் கேசட்டைப் போட்டு, தயாராக இருந்தார்.

"முடிவைக் கேசட்டுல சொல்ற பழக்கம் எனக்கு இல்ல தங்கச்சி," என்றேன்.

"பொறகு?"

"எதுத்தாப்புல ஆளு உக்காந்து 'ம்' கொட்டணும். கவுஸு வந்து உக்காந்தா சொல்றேன்."

"எங்கிட்ட சொல்லுங்க. நான் கொட்டுறேன் 'ம்'மு."

"உங்க 'ம்'முக்கு முடிவு வராது. அது அவன் 'ம்'முக்குப் பழகிப்போச்சு."

ஜெய்த்தூன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அன்று சாயங்காலம் கடைக்கு ஒரு தூக்கு நோன்புக் கஞ்சி வந்தது. குடித்தேன். முடிவு வரவில்லை. மறுநாள் கஞ்சியோடு சமோசா வந்தது. அதற்கும் வரவில்லை. அடுத்த நாள் கறிக் கஞ்சி. இத்தனை வருஷத்தில் நான் தினம் தவறாமல் நோன்பு திறந்தது அந்த வருஷம்தான். பிடித்தது ஒன்றும் இல்லை.

"மாமா, உண்மையச் சொல்லுங்க," என்றாள் நஜீமா தனியாக. "முட்டைக்குள்ள என்ன?"

"அது இப்ப எதுக்கு உனக்கு?"

பெருநாளுக்குச் சில நாள் இருக்கும்போது ஜெய்த்தூன் கூப்பிட்டனுப்பினார். போனால், டேப்புக்கு முன்னால் அவரே உட்கார்ந்திருந்தார். நஜீமாவைப் பக்கத்தில் வரவேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சிவப்புப் பட்டனை அவரே அமுக்கினார்.

"டேய் கவுசு. அம்மா பேசுறேன். இந்த அய்யம்பெருமா அண்ணன் முடிவைச் சொல்ல மாட்டேங்குறாரு. நீ வந்து எதுத்தாப்புல உக்காந்தாத்தான் சொல்லுவாராம். கஞ்சியெல்லாம் குடுத்துப் பாத்துட்டேன், அசைய மாட்டேங்குறாரு. தஸ்பீ எடுத்தா கோழிதான்டா கண்ணு முன்னாடி நிக்குது. மாடிய அப்புறம் கட்டிக்கலாம். கையெழுத்து கியெழுத்து எதையும் போட்டுத் தொலைக்காத. கெளம்பி வா."

நஜீமா சமையல்கட்டு வாசலில் நின்று வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். அவள் இத்தனை நாள் பேசியும் சொல்ல முடியாததை மாமியார் ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். கேசட்டை மறுநாள் கிளம்புகிற ஆளிடம் கொடுத்தார்கள்.

கவுஸ் வந்தான். மெட்ராஸில் இறங்கி ரயில் ஏறினால் பெண்ணாடத்தில் இறங்குவதுதான் எங்கள் ஊருக்குக் கிட்டே. ஆனால் அரியலூருக்கு வரச் சொல்லித் தகவல் வந்தது. வேன் வைத்துக்கொண்டு போனேன். கோழி ஏறிய ஸ்டேஷனைப் பார்க்க வேண்டும் என்று காமில் அடம் பிடித்தானாம். ஆமாம், காமிலும் வந்திருந்தான். ரூமே வந்திருந்தது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். ஆகவே ஆறு பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவரவர் ஊருக்குப் போவதற்கு முன் முடிவைக் கேட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார்கள். ஸ்டேஷனில் கார்டு ஒருவரைப் பார்த்ததும் இரண்டு பேர் அவர் காதையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நான் காமிலின் கட்டைவிரலைப் பார்த்தேன். சாதாரண விரல்தான்.

"கையெழுத்து?" என்று கவுஸிடம் கேட்டேன்.

"போடல மாமா. அம்மாவே வேணாம்னுட்டாங்களே."

வீட்டில் கூடம் நிறைந்திருந்தது. கவுஸ் உள்ளே நுழைந்ததும் கைகளை நீட்டிக்கொண்டு மகளிடம் போனான். பேச வாய் வரவில்லை அவனுக்கு. தாடி வைத்த புது ஆள் ஒருவன் வருவதைப் பார்த்த ஆஃப்ரா ஓடிப்போய் டேப் ரிக்கார்டரைக் கட்டிக்கொண்டாள். தூக்கப் போன நஜீமாவையும் உதைத்தாள். கவுஸ் அப்படியே பின்னால் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டான். பெட்டியில் கொண்டுவந்த பொம்மையை எடுக்கவே இல்லை.

"சரி, நீங்க கதையச் சொல்லுங்கண்ணே," என்றார் ஜெய்த்தூன். அவருக்கு அதுதான் அவசரம்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். "கார்டு முட்டையில காதை வச்சாரு. உள்ளார டொக், டொக், டொக்."

மூச்சு வாங்க நிறுத்தினேன். சுவரோரத்திலிருந்து, கதை கேட்கிற பழக்கத்தில், கவுஸ் சொன்னான்: "ம்... அப்புறம்?"

ஆஃப்ரா டேப்பைப் பார்த்தாள். ஸ்பீக்கரில் காதை வைத்தாள். வயரைப் பார்த்தாள், அது பிளக்கில் இல்லை.

"கார்டு கேட்டாரு, 'உள்ள யாரு?'ன்னு."

"ம்... அப்புறம்?"

அவள் எழுந்தாள். பெட்டியைச் சுற்றிப் பின்பக்கம் போய்ப் பார்த்தாள். பிறகு குரல் வந்த திசையில் ஆட்களைத் தாண்டித் தாண்டி நடந்து, அவன் முன்னால் போய் நின்று வாயையே பார்த்தாள். அவள் கையில் பாதிப் பிஸ்கட் ஒன்று காலையிலிருந்து இருந்தது. யாருக்கு வைத்திருந்தாள் என்று சொல்ல வேண்டியதில்லை.

நான் கதையை விடவில்லை. "உள்ளேருந்து சத்தம் நின்னுபோச்சு. கார்டு கோழிய கீழ எறக்கி வச்சாரு."

கவுஸ் மூன்றாவது தடவை "ம்" என்று வாயைத் திறந்தான். பிஸ்கட் உள்ளே போனது. "அப்புறம்" என்று சொல்ல முடியாமல் மென்றுகொண்டே தலையைக் குனிந்துகொண்டான். ஆஃப்ரா அவன் தாடியில் ஒட்டிய தூளைத் தட்டிவிட்டு, "சாப்பிட்டியா?" என்று கேட்டாள்.

நான் நிறுத்திவிட்டேன். இதற்கு மேல் என்ன சொன்னாலும் ஓட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். காமில் கட்டைவிரலை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தான்.

"ஏங்கண்ணே, முட்டை?" என்றார் ஜெய்த்தூன்.

"நாளைக்கு தங்கச்சி."

கவுஸ் திரும்பப் போகவில்லை. பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் கடை போட்டான். இப்போது செல்போன் விற்கிறான். மொட்டை மாடியில் கம்பி அப்படியேதான் நிற்கிறது. நஜீமா அதில் துணி காயப்போடுகிறாள். பத்து வருஷம் ஆகப்போகிறது. ஒவ்வொரு ரம்ஜானுக்கும் முதல் நோன்பன்றே ஜெய்த்தூன் வீட்டிலிருந்து ஒரு தூக்குக் கறிக் கஞ்சி வந்துவிடுகிறது. கூடவே ஒரு கேள்வியும். முட்டைக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியும். சொன்னால் கஞ்சி நின்றுவிடும்.